சேகோ வாடையும் வீட்டுப் பேச்சும்

டீ சொல்லியாயிற்று, உட்காருங்கள். நீங்கள் கேட்டதற்கு நாலு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. மார்கழி, தை மாதத்து விடியற்காலை. வாசல் தெளிக்க வெளியே வந்த மனைவி வந்த வேகத்தில் உள்ளே திரும்பி, "ஏனுங்க, இன்னைக்கும் அந்த நாத்தம் வந்திருச்சுங்க, தலையே வலிக்குது" என்கிறார். கணவர் போர்வைக்குள்ளிருந்தே, "எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்கு மட்டும் எப்படித்தான் அடிக்குதோ" என்கிறார். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர் வரைக்கும், கிழங்கு அரைக்கிற பருவத்தில் பல வீடுகளில் கேட்கிற பேச்சுதான் இது. பெண்களின் மூக்கு நிஜமாகவே கூர்மையானதா, இல்லை எல்லாம் நினைப்புதானா என்பது உங்கள் கேள்வி.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவருக்கு அடிக்கிறது, இவருக்கு அடிக்கவில்லை. அது ஏன் என்று பார்க்கப் போனால் மூக்கைவிட மூளையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். நம் பக்கத்துக்கு சேகோ என்கிற ஜவ்வரிசித் தொழில் வந்தது 1943 வாக்கில். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றுபோக, குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவைக் குருணையாக உருட்டி வறுக்கிற வேலையைக் குடிசைத் தொழிலாகத்தான் சேலத்தில் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கிழங்கு போடுகிற விவசாயி, மூட்டை தூக்குகிறவர், களத்தில் காய வைக்கிற பெண்கள் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் சோறு. வாடையைப் பற்றிப் பேசினால் தொழிலுக்கு எதிராகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி அரவையில் விடுகிறார்கள். பால் சல்லடையில் வடிந்து தொட்டிக்குப் போகிறது. மாவு அடியில் படிந்ததும் மேலே நிற்கிற தண்ணீரை வெளியே விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் மாவுச்சத்தின் மிச்சம், சர்க்கரை, கொஞ்சம் புரதம் எல்லாம் கரைந்திருக்கும். நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. திறந்த குட்டையில் தேங்கினால் முதலில் புளிக்கும், லாக்டிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் உண்டாகும். காற்றுப் படாத அடிப்பகுதியில் ப்யூட்ரிக் அமிலம் சேரும். கெட்டுப்போன வெண்ணெயிலும் வாந்தியிலும் மூக்கைத் துளைப்பது இந்த அமிலம்தான். சல்லடையில் தங்கிய சக்கைக்குத் திப்பி என்று பெயர். மாட்டுத் தீவனத்துக்குப் போகிற நல்ல சரக்கு அது. ஆனால் காய வைத்திருக்கிற திப்பியை ஒருமுறை விரலால் கிளறிப் பாருங்கள். மேலே வெளுத்துக் காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருக்கும், ஒரு விரற்கடை கீழே போனால் ஈரம் கொதகொதவென்று இருக்கும். வாடை அங்கேயிருந்து கிளம்புகிறது. நல்ல வெயிலடித்தால் ஈரம் சீக்கிரம் போய்விடும். பனியும் மூட்டமுமாக இருந்தால் காய்வதற்கு முன்பே புளித்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்து இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்றுக்கு அடியில் அசையாமல் படுத்துக்கொள்ளும். பகலில் மேலே கலைந்து போகிற வாடை அந்த நேரத்தில் போக வழியில்லாமல் தரையிலேயே தேங்கும். வெயில் ஏறிய பிறகுதான் கலையும். ஆக, வாடை உச்சத்தில் இருக்கிற நேரம் விடியலுக்கு முந்தைய நேரம். மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரமும் அதுவே. எட்டரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கும், ஐந்து மணிக்கு வாசலில் குனிந்து நிற்கிறவருக்கும் ஊர் ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. மூக்கின் பேதத்துக்குப் போவதற்கு முன்னால் இந்த நேரத்தின் பேதத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி மூக்கு. மூக்குக் குழிக்குள் மேலே, இரண்டு கண்களுக்கும் நடுவே, தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நரம்புச் செல்கள் உண்டு. காற்றில் வருகிற மூலக்கூறுகளைப் பிடிக்கிற ஏற்பிகள் அவற்றில்தான் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள். ஒரு வாடை ஒரே ஓர் ஏற்பியை மட்டும் தட்டுவதில்லை. ஆர்மோனியத்தில் நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்துகிற மாதிரி பல ஏற்பிகளைச் சேர்த்துத் தட்டுகிறது, அந்தச் சேர்க்கையை வைத்து மூளை இது மல்லி, இது பெட்ரோல் என்று பிரிக்கிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அதைவிட நமக்கு முக்கியம், செய்தி போகிற வழி. கண்ணில் படுவது, காதில் விழுவது எல்லாம் தலாமஸ் என்கிற பகுதியைக் கடந்துதான் மேல்மூளைக்குப் போகும். வாடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூக்குக்கு மேலே இருக்கிற முகர்குமிழிலிருந்து, பயம், அருவருப்பு, ஆசை எல்லாம் கிளம்புகிற அமிக்டலாவுக்கு நேராக ஓர் இணைப்பு இருக்கிறது. நினைவைப் பதிகிற ஹிப்போகாம்பஸும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் ஒரு வாடை வந்தால் முதலில் மனம் மாறுகிறது, என்ன வாடை என்கிற பெயர் அப்புறம் வருகிறது. சில நேரம் பெயர் வருவதே இல்லை. காரணமில்லாமல் எரிச்சலாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், காரணம் காற்றில் இருக்கலாம், அவருக்கு அது இன்னும் எட்டாமல் இருக்கலாம்.

இப்படி மனம் மாறுவதை அளந்து பார்த்திருக்கிறார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். நம்முடைய சேகோ வாடைக்கு மிக நெருக்கமான உதாரணம் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிறது. அங்கே பெரிய பன்றிப் பண்ணைகளின் கழிவு திறந்த குட்டைகளில் தேங்கி நாறும். டியூக் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷிஃப்மன் 1995-இல் பண்ணைக்குப் பக்கத்தில் வாழும் 44 பேரையும், வாடையே இல்லாத இடத்தில் வாழும் 44 பேரையும் ஒப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, கோபம், களைப்பு, குழப்பம் எல்லாம் கூடுதல். சுறுசுறுப்பு மட்டும் குறைவு. குழப்பம் என்பதைக் கவனியுங்கள், யோசிக்கிற தெளிவே குறைகிறது. நாற்றத்தால் நாள் கெட்டுப்போகிறது என்று நம் வீட்டில் ஒருவர் சொன்னால் அதற்கு மருத்துவ ஏட்டில் ஆதாரம் இருக்கிறது.

டீ வந்துவிட்டது, குடியுங்கள், ஆறிவிடும்.

ஆண், பெண் பேதத்துக்கு வருவோம். மூக்குச் சோதனைகளில் பெண்கள் ஆண்களைவிட ஒரு படி மேலே நிற்கிறார்கள் என்பது உண்மை. வாடையைக் கண்டறிவது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது, பெயர் சொல்வது மூன்றிலும்தான். ஆனால் பல ஆயிரம் பேரின் சோதனை முடிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, அந்த வித்தியாசம் சிறியது என்று சொல்லிவிட்டது. பத்துப் பெண்களையும் பத்து ஆண்களையும் நிறுத்தினால், நல்ல மூக்குள்ள ஆண்கள் பல பெண்களைவிட மேலே வருவார்கள். பிரேசிலில் 2014-இல் இறந்தவர்களின் முகர்குமிழ்களை எடுத்துச் செல்களை எண்ணினார்கள். பெண்களுடையதில் 40 விழுக்காட்டுக்கும் மேல் செல்கள் அதிகம் இருந்தன. ஆனால் பார்த்தது இருபது பேருக்கும் குறைவான உடல்களை. இதை வைத்துக்கொண்டு பெண் மூக்கு, ஆண் மூக்கு என்று இரண்டு சாதியாகப் பிரிக்க முடியாது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது வேறொரு சோதனை. ஃபிலடெல்பியாவில் மோனெல் ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருக்கிறது, சுவையையும் வாசனையையும் மட்டுமே ஆராய்கிற இடம். அங்கே பமீலா டால்டனும் அவருடைய குழுவினரும் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பாதாம் வாடை தருகிற பென்சால்டிஹைடு போன்ற பொருள்களை, தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்கு நீர்த்து, முகரக் கொடுத்தார்கள். ஒருமுறை அல்ல, பல நாள், திரும்பத் திரும்ப. ஆண்களுக்கு மாற்றமே இல்லை. முதல் நாள் எந்த அளவில் தெரிந்ததோ கடைசி நாளும் அதே அளவில்தான் தெரிந்தது. குழந்தை பெறும் வயதில் இருந்த பெண்களுக்கோ கூர்மை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் முதல் நாள் கண்டறிந்த அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிட்டார்கள். பருவமடையாத சிறுமிகளிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இந்த ஏற்றம் இல்லை என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. அப்படியானால் பிறவியிலேயே கூர்மை என்று சொல்வதைவிட, அந்த வயதில் கவனித்துக் கவனித்துக் கூர்மை ஏற்றிக்கொள்கிற திறன் என்று சொல்வது பொருத்தம்.

இதே டால்டன் வேறொரு பக்கத்தையும் காட்டியிருக்கிறார். ஒரு வாசனையை வீட்டில் வைத்து இரண்டு வாரம் அதிலேயே இருக்கச் சொன்னால், அந்த வாசனைக்கு மட்டும் மூக்கு மந்தமாகிவிடுகிறது. வாசனையை எடுத்த பிறகும் மந்தம் உடனே தெளிவதில்லை. முதல் சோதனையில் திரும்பத் திரும்ப முகர்ந்தால் கூர்மை ஏறுகிறது, இதில் மந்தமாகிறது, எது சரி என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் சரிதான். வாடையிலேயே ஊறிக் கிடந்தால் மூக்கு அதைக் கணக்கில் வைப்பதை நிறுத்திவிடும். அவ்வப்போது மெல்லிசாக வந்து போகிற வாடையை ஒவ்வொரு முறையும் கவனித்தால் கூர்மை ஏறும்.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். மில்லில் வேலை செய்கிறவர் நாள் முழுக்க அந்தக் காற்றிலேயே நிற்கிறார். அவர் ஆணானாலும் பெண்ணானாலும், திப்பிக் களத்தில் நிற்கிறவருக்கு வாடை தெரியாது. வீட்டில் இருக்கிறவருக்குக் காற்றுத் திரும்புகிறபோது மட்டும் ஒரு வீச்சு வருகிறது, போகிறது, மறுநாள் திரும்ப வருகிறது. குழந்தை சாப்பிடுமா, மாடியில் காயப்போட்ட துணியில் ஏறிவிடுமா என்று ஒவ்வொரு வீச்சையும் கவனித்தாக வேண்டிய நிலைமை அவருக்கு. கூர்மை ஏறுவதற்கு இதைவிடப் பயிற்சி வேண்டியதில்லை. "உனக்கு மட்டும் எப்படி அடிக்குது" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வீட்டு வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறோமோ அவருடைய மூக்குதான் வீட்டுக்குக் காவல் நிற்கிறது.

மீதிப் பாதி, அந்த வாடையைப் பற்றி நாம் என்ன நினைத்திருக்கிறோம் என்பது. ரேச்சல் ஹெர்ஸ் என்கிற ஆய்வாளர் 2001-இல் செய்த சோதனை இது. ப்யூட்ரிக் அமிலமும் ஐசோவலேரிக் அமிலமும் கலந்த ஒரே கரைசல், நம் குட்டையில் கிளம்புகிற அதே குடும்பத்து வாடை. பார்மேசன் சீஸ் என்று பெயர் சொல்லிக் கொடுத்தபோது வாசனை பிடித்திருந்தது என்றார்கள். வாந்தி என்று சொல்லிக் கொடுத்தபோது அதே ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். டால்டனும் இதுபோல, ஒரே வாடையைச் சிலரிடம் இயற்கைச் சாறு என்றும் சிலரிடம் தொழிற்சாலை ரசாயனம் என்றும் சொல்லி முகர வைத்தார். ரசாயனம் என்று கேட்டவர்களுக்குத் தொண்டை கரகரப்பும் தலைவலியும் கூடுதலாக வந்தன, வாடை நேரம் போகப்போக அவர்களுக்குக் குறைந்ததாகவும் தோன்றவில்லை.

உடனே, "பார்த்தீங்களா, எல்லாம் மனசுதான்" என்று கிளம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மனதிலிருந்து வருகிற தலைவலியும் தலைவலிதான். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடுமோ, பிள்ளைக்கு மூச்சு இரைக்குமோ என்ற கவலை ஒரு தாய்க்குக் காரணமில்லாமல் வரவில்லை. அந்தக் கவலையைப் போக்க வேண்டுமானால் தண்ணீரைச் சோதித்து முடிவைச் சொல்ல வேண்டும், ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கர்ப்பமான பெண்கள் விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. தாளிக்கிற வாடையே குமட்டுகிறது என்பார்கள். சோதனையில் வைத்து அளந்தால் மூக்கின் கூர்மை எல்லோருக்கும் ஏறியிருப்பதாகத் தெரிவதில்லை, அருவருப்புதான் ஏறியிருக்கிறது. அதற்காகக் குமட்டல் பொய்யாகிவிடுமா?

நல்ல வாசனைக்கும் இந்தச் சட்டமெல்லாம் பொருந்தும். மல்லிகையில் இண்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. மலத்தின் நாற்றத்திலும் அதே இண்டோல் உண்டு. மல்லிகையில் மற்ற வாசனைகளோடு சிறிதளவாகக் கலந்து வருவதால் நமக்கு மயக்கமாக இருக்கிறது. அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயிலில் துளசியும் கற்பூரமும் கலந்து வருகிற வாசனைக்கு மனம் அடங்குகிறது என்றால், அங்கே அடங்கிப் பழகிய நினைவும் அந்த வாசனையோடு சேர்ந்து வேலை செய்கிறது. நினைவோடு வாசனை எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதை ஜெர்மனியில் 2007-இல் காட்டினார்கள். ரோஜா வாசனையில் சீட்டுகளின் இடத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு, இரவு ஆழ்ந்த தூக்கத்தில் அதே வாசனையைக் காட்டினார்கள். மறுநாள் அவர்களுக்கு ஞாபகம் கூடுதலாக இருந்தது. லாவெண்டரை வைத்து இங்கிலாந்தில் 2003-இல் பார்த்தபோது, மனநிறைவு கூடுதலாக இருந்தாலும் நினைவுச் சோதனையில் வேகமும் திறனும் குறைந்தன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அறையில் மணக்க மணக்க எதையாவது கொளுத்தி வைப்பதற்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். எல்லா நறுமணமும் மூளையைத் தட்டி எழுப்பாது.

ஒன்று மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நேர் எதிராக வேலை செய்வதாகச் சொல்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நோம் சோபெலின் குழுவினர் 2021-இல் வெளியிட்டது. ஹெக்ஸாடெகனல் என்கிற மூலக்கூறு மனித உடலிலிருந்து வருகிறது, கைக்குழந்தையின் தலையிலிருந்து நிறையவே வருகிறது. தனியாக முகர்ந்தால் வாடை என்று சொல்லும்படி ஒன்றும் தெரியாது. அதை முகர்ந்த ஆண்களுக்கு எரிச்சலூட்டுகிற விளையாட்டில் ஆக்ரோஷம் குறைந்தது, பெண்களுக்குக் கூடியது. அப்பன் அடங்கினாலும் அம்மா சீறினாலும் குழந்தைக்குத்தான் பாதுகாப்பு என்று அவர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், இன்னும் பல இடங்களில் சோதித்து உறுதி செய்ய வேண்டும். ஆனால் வாடை என்று தெரியாத வாடைகூட மனதை ஆட்டிவைக்கும் என்பதற்கு நல்ல சான்று.

சரி, அடுத்த மார்கழிக்கு என்ன செய்வது? தொழில் பக்கம் வழி இருக்கிறது. கழிவுநீரைத் திறந்த குட்டையில் விடாமல் மூடிய கலனில் விட்டால், அதே நுண்ணுயிர்கள் அமிலத்தோடு நிற்காமல் மீத்தேன் வரைக்கும் கொண்டுபோகும். அந்த வாயுவை மில்லிலேயே எரித்துக்கொள்ளலாம். சேலம் பகுதியில் பல ஆலைகள் இந்த உயிரி எரிவாயு முறையை அமைத்துவிட்டன. வாடையும் அடங்குகிறது, விறகுச் செலவும் மிச்சம். இன்னும் செய்யாதவர்களைச் செய்ய வைக்க வேண்டும். திப்பியையும் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மூட்டமான நாளில் குவித்து வைக்காமல் பார்த்துக்கொண்டால் பெருமளவு குறையும்.

வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியது எழுதி வைப்பது. வாடைக்குக் கருவி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐரோப்பாவில் வாடையை அளக்கிற கருவியே மனித மூக்குதான். பழக்கிய ஆட்கள் சிலரை உட்கார வைத்து, காற்றை நீர்த்துக்கொண்டே போய், பாதிப் பேருக்கு மட்டும் தெரிகிற அளவை ஓர் அலகு என்று வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆட்களை ஊருக்குள் நிறுத்திப் பத்து நிமிஷத்துக்குப் பத்து விநாடிக்கு ஒருமுறை வாடை உண்டா, இல்லையா என்று குறிக்க வைக்கிறார்கள். நாமும் செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பனியா மூட்டமா, எவ்வளவு நேரம் அடித்தது, அப்போது உடம்புக்கும் மனதுக்கும் எப்படி இருந்தது. மனைவி ஒரு நோட்டில், கணவர் ஒரு நோட்டில், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் எழுத வேண்டும். கணவரும் ஒரு வாரத்துக்கு ஐந்து மணிக்கு எழுந்து வாசலில் நின்றுதான் எழுத வேண்டும், போர்வைக்குள்ளிருந்து எழுதினால் கணக்கில் சேராது. தெருவில் பத்து வீடு இப்படி ஒரு பருவம் எழுதிப் பேரூராட்சியிலும் சேலத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் கொடுத்தால், வெறும் புலம்பல் என்று யாரும் ஒதுக்க முடியாது. எந்த மணியில் எந்தக் காற்றில் எங்கிருந்து வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.